நாய்க்கும் கறிக்கும் நடுவில் ஒரு ‘க்’

எனது பெயர் நவரத்தினம் ஸ்ரீதரன். வயது ஐம்பத்தாறு. கெல்சென்கிர்ச்சன் நகரில், புகையிரத நிலையத்துக்குப் பின்பக்கத் தெருவில், மூன்றாம் மாடியில், மனைவி பாலாம்பிகையுடனும் மகள் கவிசாவுடனும் வசிக்கிறேன். தொழில், ஆஸ்பத்திரிச் சமையலறையில் பாத்திரம் கழுவும் பகுதிக்குப் பொறுப்பாளர். பாத்திரங்களைப் பற்றிக் கீழே நான் சொல்லப் போவதை அந்தத் தகுதியையும் கருத்தில் கொண்டு வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

வேறு எதையும் சொல்லுமுன் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. நாய், பூனை இறைச்சி வியாபாரத்துக்கு எதிராக இந்த நகரத்தில் நடந்த ஆர்ப்பாட்டத்தைப் பதிவு செய்து, தலைமை தாங்கி, ஒலிபெருக்கியும் பிடித்த எனக்கு நாய் என்றால் பயம். சாதாரணப் பயம் அல்ல. முப்பத்தொரு வருடமாக இந்த ஊர்த் தெருக்களை நான் நாய்களை வைத்துத்தான் ஞாபகம் வைத்திருக்கிறேன். வேலைக்கு நேர்வழியால் போனால் பன்னிரண்டு நிமிடம், நாய் இல்லாத வழியால் போனால் இருபத்தைந்து நிமிடம். நான் இருபத்தைந்து நிமிடம் நடப்பவன். மனைவி இதை உடற்பயிற்சி என்று அயலாருக்குச் சொல்லி வைத்திருக்கிறார். பூனைக்கும் பயம்தான், ஆனால் அது இந்தக் கோப்புக்குத் தேவையில்லை.

இது எனது இரண்டாவது வாக்குமூலம். மூன்று கிழமைக்கு முன் நான் கொடுத்த முதலாவதில், “கிடாரத்துக்குள் நாய்க்கறி இருந்தது” என்று நான் சொன்னதாகப் பதிவாகியிருக்கிறது. நான் அப்படிச் சொல்லவில்லை. ஆகவே இம்முறை நான் சொல்வதை முதலில் தமிழிலேயே எழுதி, எனக்கு வாசித்துக் காட்டி, அதன் பின்னரே ஜேர்மன் மொழிக்கு மாற்ற வேண்டும் என்று கேட்டேன். பொலிஸ் அதிகாரி சம்மதித்தார். மொழிபெயர்ப்பாளர் திருமதி தேவமலர் எழுதுகிறார்.

என்மீதான குற்றச்சாட்டு மிருகவதை. எனக்கு என்ன நடந்தாலும் அது பரவாயில்லை. ஆனால் எனது மகள் கவிசா, வயது இருபது, சம்பந்தப்பட்ட நாயின் சொந்தக்காரரான மிருக வைத்தியர் சாண்ட்ரா அம்மையாரிடம்தான் இரண்டாம் வருட அவுஸ்பில்டுங், அதாவது தொழிற்பயிற்சி, செய்கிறார். நான் அந்தச் சமையல் கிடாரத்தைத் தூக்கிக்கொண்டு போகும் படம் கைபேசிகளில் பரவியதிலிருந்து, அங்கே பூனையைக் கொண்டுவருகிறவர்கள் கூடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நீ அந்தப் பாத்திரக்காரரின் மகளா என்று அவரைக் கேட்கிறார்கள். “அப்பா, இந்தக் கோப்பு மூடாட்டி நான் அங்கை முகம் குடுத்து வேலை செய்யேலாது. வேலையை விட்டு நிண்டிடுவன். போய் ஒழுங்கா எழுதிக் குடுங்கோ, பகிடி விடாமல் எழுதிக் குடுங்கோ” என்று சொல்லி என்னை இன்று கூட்டி வந்தவரும் அவரே. வெளியே வாங்கில் உட்கார்ந்திருக்கிறார். ஆகவே பகிடி இல்லாமல் சொல்கிறேன்.

கடந்த மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கவிசா என்னிடம் வந்து, தூர தேசங்களில் நாய்களையும் பூனைகளையும் களவெடுத்து இறைச்சிக்கு விற்கிறார்கள், அதற்கு எதிராகத் தானும் வேலையிடத்துச் சிநேகிதர்களும் ஓர் ஆர்ப்பாட்டம் வைக்க வேண்டும், எப்படிப் பதிவு செய்வது என்று கேட்டார். இந்தப் பிள்ளை பத்து வருடமாக என்னிடம் எதையும் எப்படிச் செய்வது என்று கேட்டதில்லை. நானோ ஆர்ப்பாட்டம் பதிவு செய்வதில் இந்த மாநிலத்தில் எவருக்கும் குறைந்தவன் இல்லை. நாற்பத்தெட்டு மணித்தியாலத்துக்கு முன் அறிவிக்க வேண்டும், இத்தனை பேருக்கு ஒரு ஒழுங்காளர் வேண்டும், கைப்பட்டி வெள்ளையாக இருக்க வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தேவாரம் மாதிரிப் பாடம். ஒலிபெருக்கி எங்கள் நிலவறையில் எப்போதும் பற்றரி போட்டபடிதான் இருக்கிறது. நான் அதே நிமிடத்தில் சம்மதித்தேன். நாய் விடயம் என்பது அரை மணித்தியாலம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

அதன் பின்னர் சுலோகங்கள் எழுதினோம். “வாயில்லாச் சீவன்களுக்காக நாங்கள்” என்பதை நான் ஜேர்மனில் சொல்லுக்குச் சொல் மாற்றி எழுதிக் கொடுத்தேன். கவிசா வாசித்துவிட்டுப் பேனாவை எடுத்தார்.

“அப்பா, வாயே இல்லாத மிருகம் எண்டு எழுதியிருக்கிறியள். வாய் இல்லாட்டி அது எப்பிடிச் சாப்பிடும், எப்பிடிக் கடிக்கும்?”

“கடிக்காது எண்டுதானே பிள்ளை எழுதினனான்.”

அது வெட்டப்பட்டது. எந்த நாடு, எந்தச் சனம் என்று எந்த மட்டையிலும் எழுதக் கூடாது, வியாபாரத்தைத்தான் கண்டிக்க வேண்டும், ஆட்களை அல்ல என்றும் கவிசா சட்டம் போட்டார். “உங்கட வீட்டிலை கறி மணக்குது எண்டு பள்ளிக்கூடத்திலை எனக்குச் சொன்னவை. அது மாதிரி நாங்கள் ஒருத்தருக்கும் சொல்லேலாது” என்றார். பள்ளிக்கூடத்தில் அப்படிச் சொன்னார்கள் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். இந்தச் சட்டத்தை நான் எதிர்க்கவில்லை.

அதன் பின்னர் சாப்பாடு. எங்கள் சனத்தின் ஆர்ப்பாட்டம் எதுவும் சாப்பாடு இல்லாமல் நடந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. அன்னப்பிள்ளை அக்கா, வயது அறுபத்தெட்டு, எங்கள் கட்டிடத்தின் கீழ்மாடி, முந்நூறு பேருக்குக் கொண்டைக்கடலைக் கறி வைக்க ஒத்துக்கொண்டார். இறைச்சி, முட்டை, பால் எதுவும் இல்லாத சமையல் என்று கவிசா நிபந்தனை போட, “அப்ப விரதக்காரர் எண்டு சொல்லன் பிள்ளை, ஏன் இவ்வளவு நீட்டுறாய்” என்றார் அக்கா. அவ்வளவு பெரிய பாத்திரம் எங்களிடம் இல்லை. ஆகவே கோயில் கிடாரத்தை இரவலாக எடுத்து வந்தோம். கிடாரம் என்பது திருவிழாச் சமையலுக்குப் பாவிக்கும், ஒரு மனிதன் உள்ளே குந்தியிருக்கக்கூடிய அலுமினியப் பாத்திரம். தட்டு மூடி உண்டு. வெறுமையாக இருந்தால் ஓர் ஆள் தனியே தூக்கலாம்.

ஏப்ரல் மாதம் இரண்டாம் சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு, கடைத்தெரு முடிந்து டிராம் தண்டவாளம் தொடங்கும் சதுக்கத்தில் ஆர்ப்பாட்டம் ஆரம்பமாயிற்று. நாற்பது பேர் என்று பதிவு செய்திருந்தோம். அறுபத்துமூன்று பேர் வந்தார்கள். அவர்களில் பதினைந்து பேர் நேரடியாகக் கடலைக் கறிக்கு வந்தவர்கள் என்பது எனது கணிப்பு. சாண்ட்ரா அம்மையார் தன் நாயையும் கூட்டி வந்தார். கட்டைக் காலும் நீட்டு உடம்புமாக, சொசேஜுக்குக் கால் முளைத்தது போன்ற நாய். நாய்களைப் பற்றி நான் கேட்பது இரண்டே விடயம், எவ்வளவு உயரம், கயிறு எவ்வளவு நீளம். இரண்டுக்கும் திருப்தியான பதில் கிடைத்ததால் மேற்கொண்டு விசாரிக்கவில்லை. வீட்டில் நாய்ப் பேச்சே எடுப்பதில்லை என்பது ஏற்கெனவே மனைவியின் கட்டளை, எனது நித்திரையை முன்னிட்டு. நாயின் முதுகில் ஒரு மஞ்சள் துணி கட்டியிருந்தார்கள். அதில் ஜேர்மனில் “நான் சாப்பாடு அல்ல” என்று எழுதியிருந்தது.

கடைத்தெருவுக்கு வந்தவர்களும் வரிசையில் நின்று வாங்கியதில், பன்னிரண்டரை மணியளவில் கறி முடிந்தது. கிடாரம் மேசைக்குப் பக்கத்தில் கவிழாமல் வைக்கப்பட்டிருந்தது. நான் ஒலிபெருக்கியில் வியாபாரம் வேண்டாம், சட்டம் வேண்டும் என்று சொல்ல, மற்றவர்கள் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அப்போது எனது இடது காலில், சப்பாத்துக்கும் காற்சட்டைக்கும் இடையில், ஈரமாக ஏதோ பட்டது. குனிந்து பார்த்தேன். நாயின் மூக்கு. நான் “ஐயோ அம்மா” என்று கத்தினேன். ஒலிபெருக்கி வாயில் இருந்தது. கூட்டத்தில் இருந்த ஜேர்மன் பிள்ளைகள் அதை அடுத்த சுலோகம் என்று எடுத்துக்கொண்டு, கையை உயர்த்தி, “ஐயோ அம்மா, ஐயோ அம்மா, ஐயோ அம்மா” என்று மூன்று தடவை முழங்கினார்கள். கூட்டம் முழுவதும் சேர்ந்து மிக ஒற்றுமையாகச் சொன்ன வாசகம் அன்று அது ஒன்றுதான்.

அந்தச் சத்தத்தில் நாய் வெருண்டு, சாண்ட்ரா அம்மையாரின் கையில் இருந்த கயிற்றை இழுத்து அறுத்துக்கொண்டு, தண்டவாளப் பக்கம் ஓடிற்று. டிராம் வளைவில் திரும்பி மணி அடித்தது. நாய்க்கும் டிராமுக்கும் நடுவில் நின்ற ஒரே ஆள் நான். நாய் பயந்ததற்குக் காரணமும் நான். அதைக் கையால் பிடிக்க வேண்டும் என்று மனது சொன்னது. கை கேட்கவில்லை. இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை. அதன் பின்னர் பக்கத்தில் இருந்த கிடாரத்தை எடுத்துச் சரித்து, வாய் நாயைப் பார்க்கும்படி தண்டவாளத்துக்கு முன்னால் வைத்தேன். அடியில் கொஞ்சம் கடலைக் கறி ஒட்டியிருந்தது. நாய் ஓடிய ஓட்டத்தில் நின்றது, மணந்தது, தானாகவே உள்ளே போயிற்று. நான் கிடாரத்தை நிமிர்த்தி, மூடியைப் போட்டு, மூச்சு விட இடைவெளிக்காக அகப்பையைக் குறுக்கே செருகினேன். டிராம் எங்களைக் கடந்து போயிற்று. சாரதி எனக்குக் கைகாட்டினார்.

இதே நேரத்தில் சாண்ட்ரா அம்மையார் “கறி, கறி” என்று கத்தியபடி மேசையை நோக்கி ஓடி வந்தார். சொசேஜுக்கே கறித்தூள் தூவித் தின்னுகிற ஜேர்மன் சனம் ஒருமுறை ருசி கண்டால் விடாது என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்த அன்னப்பிள்ளை அக்கா, “முடிஞ்சுது பிள்ளை, கொஞ்சம் வெள்ளெனவா வந்திருக்கலாமே” என்று சொல்லி, தனக்கென்று எடுத்து வைத்திருந்த தட்டை அவரிடம் நீட்டினார். அம்மையார் அதை வாங்கவில்லை. அவருடைய கண் கலங்கியிருந்ததை நான் பார்த்தேன். அவ்வளவு பசி என்று நினைத்தேன்.

அதன் பின்னர், கயிறு அறுந்துவிட்டதாலும், மூடியைத் திறந்தால் நாய் என்மீது பாயக்கூடும் என்பதாலும், கிடாரத்தை அப்படியே தூக்கிக்கொண்டு நாற்பது அடி தூரத்தில் நின்ற எங்கள் வான் வண்டிக்குப் போனேன். அன்னப்பிள்ளை அக்கா பெரிய கரண்டியுடன் பின்னால் வந்தார். “தம்பி, அது கோயில் கிடாரம், விளங்குதோ? ஒருத்தருக்கும் மூச்சு விடாதை” என்றார். “மூச்சு விடத்தானக்கா அகப்பை வைச்சிருக்கிறன்” என்றேன். இந்தக் கட்டத்தில்தான் வழிப்போக்கரான ஜூலியன் என்ற இளைஞர் எங்களைப் படம் எடுத்தார். படத்தை எனக்குக் காட்டினார்கள். நாய் இறைச்சிக்கு எதிரான ஆர்ப்பாட்டத்தின் நடுவில், கழுத்தில் ஒலிபெருக்கி தொங்க ஒரு மனிதர் கிடாரம் ஒன்றைச் சுமந்து போகிறார். மூடிக்குக் கீழால் ஒரு வால் தெரிகிறது. பின்னால் கரண்டியுடன் ஓர் அம்மா. நாயின் மஞ்சள் துணி விளிம்பால் வெளியே தொங்குகிறது. அதில் “நான்” என்பதும் “அல்ல” என்பதும் மூடிக்குள் போய், “சாப்பாடு” மட்டும் தெரிகிறது. ஜூலியன் மீது எனக்குக் கோபம் இல்லை. அவருடைய இடத்தில் நான் இருந்தாலும் பொலிசை அழைத்திருப்பேன்.

வானில் கிடாரத்தை முன் இருக்கையில் வைத்து ஆசனப் பட்டி போட்டேன். நான்கு நிமிடத்துக்குள் கவிசாவும் சாண்ட்ரா அம்மையாரும் வந்து நாயைத் தூக்கினார்கள். நாய்க்குச் சேதம் இல்லை. கிடாரத்தின் அடியில் கறியும் இல்லை. கடந்த முப்பது வருடத்தில் அவ்வளவு துப்பரவாக நக்கிய பாத்திரம் எனது இயந்திரத்துக்கே வந்ததில்லை. கிடாரத்தை நானே மூன்று தடவை சுடுநீரில் கழுவி, கோயிலுக்குத் திருப்பிக் கொடுத்தேன். அதன் பின்னர் வந்த திருவிழாவில் அதில் வைத்த சாம்பாரை எல்லோரும் இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கினார்கள். இந்தப் பந்தியைக் கோயில் நிர்வாகசபைக்குத் தெரியப்படுத்த வேண்டாம் என்று அதிகாரியைக் கேட்டுக்கொள்கிறேன். இதை எழுதிக்கொண்டிருக்கும் தேவமலர் அக்கா நிர்வாகசபையின் உப தலைவர் என்பது இப்போதுதான் எனக்கு ஞாபகம் வருகிறது.

அதன் பின்னர் பொலிசிலிருந்து எனக்குத் தெர்மின், அதாவது வரச் சொல்லித் திகதி, வந்து, முதல் வாக்குமூலம் கொடுத்தேன். அன்று தேவமலர் அக்கா டென்மார்க்கில் ஒரு கலியாண வீட்டுக்குப் போயிருந்தபடியால், கார்ல்ஸ்ரூஹேயில் இருக்கும் தமிழ்நாட்டுத் தம்பி ஒருவர் தொலைபேசியில் மொழிபெயர்த்தார். நல்ல மரியாதையான பிள்ளை. நடந்த உரையாடலை எனக்கு ஞாபகம் உள்ளபடி சொல்கிறேன்.

“சார், நாய் எங்க இருந்துச்சு?”

“கிடாரத்துக்குள்ளை.”

“கிடாருக்குள்ளயா? அதுக்குள்ள நாய் எப்படி சார் போகும்?”

“பெரிய கிடாரம் தம்பி. முந்நூறு பேருக்குச் சமைக்கலாம்.”

தம்பி “ஹலோ, ஹலோ” என்றார். விளங்கவில்லையாக்கும் என்று நினைத்து, “நாய் கறிக்கிடாரத்துக்குள்ளை இருந்தது” என்று தெளிவாகத் திரும்பச் சொன்னேன்.

“நாய்க்கறியா சார்?”

தொலைபேசி அந்த இடத்தில் கரகரத்தது. அவர் நான் சொன்னதைத்தான் திருப்பிச் சொல்கிறார் என்று நினைத்து, “ஓம், ஓம்” என்றேன். இன்று அதிகாரி வாசித்துக் காட்டிய கோப்பில், கிடாரத்துக்குள் நாய் இறைச்சி இருந்ததாகச் சந்தேகநபர் கூறினார் என்றும், அதன் பின்னர் இரண்டு தடவை மந்திரம் உச்சரித்தார் என்றும் இருக்கிறது.

எங்கள் பேச்சில் கறி என்றால் சோற்றோடு சேர்த்துத் தின்னுகிற எல்லாம் கறிதான். கத்தரிக்காய்க் கறி, பருப்புக் கறி, கடலைக் கறி. இறைச்சியை நாங்கள் இறைச்சி என்றே சொல்வோம். தம்பியின் ஊரில் கறி என்றால் இறைச்சி. அது அவருடைய பிழை இல்லை. நான் சொன்னது, கறி வைக்கும் கிடாரத்துக்குள் நாய் இருந்தது என்பது. அதாவது ‘க்’ கறிக்குப் பின்னால் வர வேண்டும், நாய்க்குப் பின்னால் வரக் கூடாது. ஒரேயொரு ‘க்’ இடம் மாறியதால் நான் மிருகத்தைக் காப்பாற்றியவன் என்பதிலிருந்து சமைத்தவன் என்ற நிலைக்கு வந்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் எனது தமிழ் வாத்தியார் ஒற்று எங்கே மிகும், எங்கே மிகாது என்று அடித்துச் சொல்லித் தந்தபோது, இது பொலிசில் தேவைப்படும் என்று அவரும் சொல்லவில்லை.

இந்தக் கோப்பை மூட முடியாமல் இருப்பதன் காரணத்தையும் அதிகாரி இன்று விளக்கினார். கிடாரத்துக்குள் என்ன இருந்தது என்ற கேள்விக்கு மூன்று பதில் இருக்கிறதாம். நான் நாய்க்கறி என்றேனாம். அன்னப்பிள்ளை அக்கா கொண்டைக்கடலை என்றாராம். சாண்ட்ரா அம்மையார் தொலைபேசியில், தனக்கு எந்த முறைப்பாடும் இல்லை என்றும், “கிடாரத்துக்குள் இருந்தது கறி, கறி நல்ல சூடாகவும் சுகமாகவும் இருந்தது” என்றும் சொன்னதாக அழைப்பை எடுத்தவர் குறித்து வைத்திருக்கிறார். அம்மையார் அன்று அந்தக் கறியை வாயில் வைக்கவே இல்லை. எனக்கு உதவி செய்ய நினைத்து அப்படிச் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் உண்மையைச் சொல்லக் கடமைப்பட்டவன். அவர் சொன்ன நேரத்தில் கிடாரத்துக்குள் இருந்தது நாய். நாய் மட்டும்தான். கறி இல்லை. இதை நான் எந்த இடத்திலும் அடித்துச் சொல்வேன்.

மேலும் சொல்ல ஒன்றுண்டு. அன்று எங்கள் மனுவில், வழிப்போக்கர்களையும் சேர்த்து, நானூற்றுப் பன்னிரண்டு பேர் கையொப்பம் வைத்தார்கள். அடுத்த ஆர்ப்பாட்டத்துக்கும் நானே தலைமை தாங்க வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள், “ஐயோ அம்மா” என்பதற்கு அர்த்தம் கேட்டு எழுதியும் இருக்கிறார்கள். கடந்த கிழமை வேலைக்கு நேர்வழியால் போய்ப் பார்த்தேன். பதினைந்து நிமிடம் எடுத்தது. நடுவில் ஒரு நாய் நின்றது, நானும் நின்றேன், இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம், அது முதலில் போயிற்று.

நான் சொன்னவை அனைத்தும் எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டப்பட்டன. ஒவ்வொரு ஒற்றும் அதனதன் இடத்தில் இருப்பதைக் கண்ணாலும் பார்த்துக்கொண்டேன். இவை எனது அறிவுக்கு எட்டியவரை உண்மை. எவரும் வற்புறுத்தாமல், மகள் மட்டும் வற்புறுத்தியதன் பேரில், கீழே கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) ந. ஸ்ரீதரன்

கையொப்பத்தின் பின்னர் சேர்க்கப்பட்டது: படிவத்தில் ஒரு கட்டம் வெறுமையாக இருப்பதை அதிகாரி காட்டினார். விலங்கின் பெயர் என்ற கட்டம். எனக்குத் தெரியாது என்றேன். வெளியே இருந்த கவிசா உள்ளே அழைக்கப்பட்டு, மூன்று பதில்களும் அவருக்கு வாசித்துக் காட்டப்பட்டன. அவர் முகத்தைப் பொத்திக்கொண்டு வெகுநேரம் சிரித்தார். அதன் பின்னர், சொசேஜ் மாதிரி ஒரு நாய்க்கு இந்த ஊர்ச் சனம் வேறு என்னதான் பெயர் வைக்கும் அப்பா என்று கேட்டு, பெயரைச் சொன்னார். அதிகாரி அதைத் தானே எழுதினார். எழுதிவிட்டு, மூன்று பதில்களில் சாண்ட்ரா அம்மையாருடையதை முதலில் வாசித்தார், என்னுடையதைப் பிறகு வாசித்தார், கோப்பை மூடினார்.

விலங்கின் பெயர்: கறி.